ஓங்கோலில் ஆள் காட்டிய நாள்

ஆட்டோவின் ஓரத் திரையை விலக்கினால் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு இரும்பு கேட் தெரிந்தது. உள்ளே கிரானைட் பாலீஷ் போடும் பட்டறை. கல்லை அறுக்கும் சத்தத்தில் பல் கூசியது. சாம்பல் நிறச் சேறு கேட்டுக்கு அடியிலிருந்து வழிந்து, சாலையோரத்தில் காய்ந்து, லாரி போகும்போதெல்லாம் மாவாகப் பறந்தது. முகக்கவசத்தையும் மீறி நாக்கில் கரகரத்தது.

ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்து ஊர் அது. எனக்கு அருகில் என் நாத்தனார் மல்லிகா. முன்னால் டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர் ஸ்டேஷன் ஏட்டு. அவர் மடியில் புதுக்கோட்டை கோர்ட்டிலிருந்து வந்த சம்மன்.

"உள்ள கேட்டாச்சும்மா. அப்படி ஆளே இல்லைன்னு சொல்றாங்க. டீ நேரத்துக்கு எல்லாரும் வெளிய வருவாங்க. நீங்க ஆளைக் காட்டுங்க, நான் கொடுக்கறேன். காட்டலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். தமிழ்நாட்டு எல்லையோரம் சூலூர்ப்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தவராம். தமிழ் சுமாராக வந்தது.

நான் காட்ட வேண்டிய ஆள் என் கணவர். என் மகள் தர்ஷினியின் அப்பா.

குளத்தூரில் என் அக்கா சாந்தியிடம் தர்ஷினியை விட்டுவிட்டு வந்திருந்தேன். அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும். அக்கா அதுவரை யாருக்கும் ஊசி போட்டதில்லை.

ஒரு கண் கேட்டில், ஒரு கண் போனில். அந்த ஆட்டோவுக்குள் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

யார் பக்கத்திலிருந்து வந்தது?

இ-சேவை மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒருவர், 'உங்கள் வீட்டுக்காரர் என்ன ஆனார், அவரைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே' என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

அவர் பெயர் பாஸ்கரன். சொந்த ஊர் ஆவுடையார்கோவில். குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் சூப்பர்வைசராக இருந்தார். குடியில்லை, அடியில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையை உதறித்தான் உள்ளே வருவார், பிள்ளை மேல் தூசி படக் கூடாது என்று. அப்படிப்பட்டவர்தான்.

தர்ஷினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சமயம். தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராத்திரி பாயை நனைத்தாள். கன்னம் வற்றிப்போனது. வெயில் சூடு என்றார்கள், பூச்சி என்றார்கள், மந்திரித்தும் பார்த்தோம். ஒரு நாள் காலையில் எழுப்பினால் கண் திறக்கவில்லை. மூச்சில் அழுகிய பழ வாசனை அடித்தது. திருச்சிக்குக் கொண்டு ஓடினோம்.

பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் என்றார் டாக்டர். மாத்திரை கேட்காது, ஆயுளுக்கும் இன்சுலின் ஊசிதான், ஒழுங்காகப் போட்டால் எல்லாப் பிள்ளைகளையும் போல வளருவாள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இது யாரு பக்கத்துலேருந்து வந்துச்சு? எங்க பக்கம் யாருக்கும் கெடையாதே."

அப்போது எனக்கு ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொள்வது ஒன்றுதான் மனதில் இருந்தது.

பிறகு, ஆந்திராவில் சம்பளம் கூடுதல் என்று கிளம்பினார். பொங்கலுக்கு வந்தார். அடுத்த பொங்கலுக்கு, லீவு இல்லை என்றார். பணம் வருவது குறைந்தது. போனும் குறைந்தது. ஒரு நாள் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் அந்தச் சண்டையையாவது நினைத்துக்கொள்ளலாம். எங்களுக்குள் அதுவும் இல்லை.

மிச்சம் பிடித்த பிள்ளை

ஊசியோடு வாழ்வது ஒரு பழக்கம். கரண்ட் போனால் மற்றவர்களுக்குக் காற்றாடி நினைவு வரும், எனக்கு பிரிட்ஜுக்குள் இருக்கும் மருந்து நினைவு வரும். சித்திரை வெயிலில் ஈரத்துணி சுற்றிய பானைக்குள் அதை வைத்து, பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு.

பள்ளிக்கூடத்தில் முதலில் பயந்தார்கள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். அவள் டீச்சருக்கு மட்டும் பயம் இல்லை. மேஜை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்துக்கொண்டார். சர்க்கரை இறங்கிப் பிள்ளைக்கு வேர்த்தால் கேள்வி கேட்காமல் வாயில் போடுவார்.

மருந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும். ஆனால் விரலில் குத்தி அளவு பார்க்கும் ஸ்ட்ரிப் கடையில்தான் வாங்க வேண்டும். என் சம்பளத்தில் மாதக் கடைசி வரை அது வராது. நான் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு காலையில் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கையை நீட்டாமல் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்குப் பாக்க வேணாம்மா. எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"சும்மா கைய நீட்டு."

"நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு. தீந்துபோச்சுன்னா அடுத்த வாரம் என்ன செய்வ?"

ஸ்ட்ரிப்பை அவள் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுப் பிள்ளை.

அன்றைக்கு மையத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு எதிர் சந்தில் ஒரு வக்கீல் அம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். கோபத்தில் போனேன் என்று என் சொந்தக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். கோபம் எல்லாம் இல்லை. பயத்தில் போனேன்.

திரும்பித் திரும்பி வந்த சம்மன்

ஜீவனாம்ச மனு போட்டோம். முதல் சம்மன் ஆவுடையார்கோவில் விலாசத்துக்குப் போய், ஆள் வெளி மாநிலம் போய்விட்டார் என்று திரும்பி வந்தது. எந்த மாநிலம் என்பது எனக்குத் தெரியும், எந்த ஊர் என்று தெரியாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வராந்தாவில் நிற்பேன். பெயரைக் கூப்பிடுவார்கள். எதிர்மனுதாரர் இல்லை. அடுத்த வாய்தா. பஸ் பிடித்துத் திரும்புவேன்.

அப்படி ஒரு வாய்தா முடிந்த வாரத்தில்தான் மல்லிகா வந்தாள். என் கணவரின் கூடப் பிறந்த ஒரே தங்கை. மீமிசலில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் மீன் ஏலம் எடுப்பவர். பெரிய பையில் கருவாடும், தர்ஷினிக்கு ஒரு சட்டையும் கொண்டுவந்திருந்தாள். பிள்ளை விளையாடப் போகும்வரை ஊர்க்கதை பேசினாள். பிறகு சொன்னாள்.

"அண்ணி, அண்ணன் ஓங்கோல்ல இருக்கு. பட்டறை பேரு, எடம் எல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வாராவாரம் போன் பண்ணுது."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. இவளை யாராவது அனுப்பியிருப்பார்களோ என்று நினைத்தேன்.

"இதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற மல்லிகா?"

"சொல்லணும்னு தோணுச்சு. அம்புட்டுத்தான்."

அந்த விலாசத்துக்கு சம்மன் போனது. அங்கிருந்தும் திரும்பி வந்தது: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "விலாசம் சரியாத்தான் இருக்கும். உள்ள இருந்துக்கிட்டே இல்லைங்கிறாங்க. நீங்க நேர்ல போங்க. கோர்ட் வழியா அந்த ஸ்டேஷனுக்குச் சொல்லிருவோம், போலீஸ் கூட வரும். நீங்க ஆளைக் காட்டி, அவரு கையெழுத்துப் போட்டுட்டாருன்னா அப்புறம் தப்பிக்க முடியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "ஒண்ணுக்குத் தயாரா இருந்துக்கங்க. கேஸுக்கு வந்தாருன்னா, பிள்ளைய எங்கிட்டக் குடுன்னு கேட்டாலும் கேப்பாரு."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். அவர் கிடைக்காமல் போய்விடுவாரோ என்று ஒன்று. கிடைத்துவிடுவாரோ என்று ஒன்று.

தனியாகத்தான் கிளம்புவதாக இருந்தேன். புதுக்கோட்டை ரயிலடியில் மல்லிகா பையோடு நின்றாள்.

"ஒங்களுக்குத் தெலுங்கும் தெரியாது, தைரியமும் பத்தாது. நடங்க."

"ஒனக்குத் தெலுங்கு தெரியுமா?"

"எனக்கும் தெரியாது."

சென்னையில் ரயில் மாறினோம். நெல்லூர் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே இறால் பண்ணைகள் போய்க்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்கி ஏன் சொல்றன்னு கேட்டீங்கள்ல அண்ணி. அம்மா போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசும். காது கொஞ்சம் மந்தம். நான் அடுப்படில இருந்தேன். கேஸ் போட்டுருக்காளாம்னு அம்மா சொல்லுச்சு. அதுக்கு அண்ணன் சொல்லுது, 'அந்தப் புள்ள எத்தன நாளைக்குத் தாங்கப்போவுது, அதுக்குப் போயி கேஸு வேறயா'ன்னு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு அண்ணி. அன்னைக்கி ராத்திரி சோறு எறங்கல."

கேட் திறந்தது

டீ நேரத்துக்கு ஆட்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். எல்லோர் தலையிலும் முகத்திலும் சாம்பல். எல்லோரும் ஒரே ஆள் மாதிரி இருந்தார்கள். எனக்குப் பதறியது. இவ்வளவு தூரம் வந்து எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் என்ன செய்வது?

அப்போது ஒருவர் டீக்கடை வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உதறினார். முன்மண்டை வழுக்கை விழுந்திருந்தது, உடம்பு பெருத்திருந்தது. ஆனால் அந்த உதறல் எனக்குத் தெரியும்.

"அவருதாங்க" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

ஏட்டு இறங்கிப் போனார். தெலுங்கில் ஏதோ கேட்டார். என் கணவர் தலையை ஆட்டி, கையை வடக்கே காட்டி, ஹைதராபாத் என்றார். அந்த ஆள் ஹைதராபாத் போய்விட்டான், நான் வேறு ஆள் என்று சொல்கிறார் என்பது புரிந்தது. கூட வேலை செய்பவர்கள் கிளாஸோடு சுற்றி நின்றார்கள். ஏட்டு திரும்பி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

சாலையைக் கடந்தேன். கையில் கல்யாண போட்டோ. ஏட்டு போட்டோவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். போட்டோவில் இருந்தது ஒல்லியான, சுருட்டை முடிப் பையன். ஏட்டு உதட்டைப் பிதுக்கினார்.

என் கணவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். முகக்கவசத்தை நான் இறக்கியிருந்தேன். பார்த்துவிட்டு ஏட்டிடம், "நாக்கு தெலீது" என்றார்.

எனக்குத் தெரியாது என்று அர்த்தம். தெலுங்கு தெரியாத எனக்கும் அது புரிந்தது.

பேச வேண்டும். இவர்தான், இந்த ஊர், இந்தத் தேதியில் எங்களுக்குக் கல்யாணம் என்று வக்கீல் அம்மா சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை வரவில்லை. ஏட்டு சம்மனை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணே" என்றாள் மல்லிகா.

அவர் முகம் மாறியது. தங்கையை அங்கே எதிர்பார்க்கவில்லை.

"முந்தாநாத்து அம்மாவுக்குப் போன் போட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டியான்னு கேட்டது யாரு? ஹைதராபாத்துக்காரனா?"

அவர் வாயிலிருந்து தமிழ் வந்துவிட்டது.

"நீ இங்க வந்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஏட்டு மடித்ததைப் பிரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "ரெண்டு எடத்துல போடுங்க" என்றார் தமிழிலேயே.

போட்டார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எப்போதடா இந்த இடத்தை விட்டுப் போவோம் என்றுதான் இருந்தது.

அவர் பிள்ளையைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று ஒரு நிமிடம் நின்றேன். கேட்கவில்லை. அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"தர்ஷினி நல்லாருக்கா. அஞ்சாவது படிக்கிறா."

அவர் பேனாவை ஏட்டிடம் திருப்பிக் கொடுத்தார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் போய்விட்டார்.

என் போன் அடித்தது. அக்கா.

"அரசி, போனை உள் ரூம்ல வச்சுட்டு வந்துட்டேன்டி, அடிச்சது கேக்கல. நீ பதறாத. பிள்ளைக்குக் கையி காலு நடுங்குச்சு. அவளே 'பெரியம்மா, சீனித்தண்ணி குடு'ன்னு கேட்டு வாங்கிக் குடிச்சா. அப்புறமா மீட்டர்ல அளவ அவளே பாத்துக்கிட்டா, ஊசியையும் அவளே போட்டுக்கிட்டா. நான் பக்கத்துல நின்னதோட சரி. இந்தா பேசு."

"அம்மா, ரசஞ்சோறு சாப்பிடுறேன்" என்றாள் தர்ஷினி, வாய் நிறையச் சோற்றோடு.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே என்ன கேட்டார்கள்

அடுத்த வாய்தாவுக்கு அவர் ஒரு வக்கீலோடு வந்தார். வக்கீல் அம்மா சொன்னது போலவே, பிள்ளையைத் தன்னிடம் விட வேண்டும் என்று ஒரு மனு.

அதன் பிறகான வாரங்கள் எனக்குப் பயத்திலேயே போயின. யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்ப வேண்டாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்தேன். சாயங்காலம் வேன் கொஞ்சம் தாமதமானால் தெருமுனைக்கு ஓடினேன். ஒரு இரவு, தூங்கிவிட்டாள் என்று நினைத்தவள் கேட்டாள்: "அப்பா ஜெயிச்சுட்டா நான் அங்கிட்டுப் போகணுமா?" இல்லை என்றேன். அது எனக்கு உறுதியாகத் தெரியாது.

நீதிபதி பிள்ளையைத் தனது அறைக்கு அழைத்தார். என் கணவரையும் கூப்பிட்டார்கள். நான் வெளியே நின்றேன். கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பச்சைப் பெயிண்ட்டில் எங்கே எங்கே வெடிப்பு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

வெளியே வந்தவளிடம் என்ன கேட்டார்கள் என்றேன்.

"எங்கிட்ட ஒண்ணும் பெருசாக் கேக்கல. நான் எப்படி ஊசி போடுவேன்னு கேட்டாக, செஞ்சு காட்டுனேன். அப்பாகிட்ட, ஒங்களுக்குப் போடத் தெரியுமான்னு கேட்டாக."

"என்ன சொன்னாரு?"

"தெரியாதுன்னாரு. கத்துக்கிறீங்களான்னு கேட்டாக. அப்பா பேசவே இல்ல."

அந்த மனுவை அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மாதாமாதம் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கதை இங்கே முடிந்தது என்று எழுத ஆசைதான். சில மாதங்கள் ஒழுங்காக வந்தது. பிறகு இழுத்தது. நிறைவேற்று மனு என்று இன்னொன்று போட்டோம். சம்பளத்தில் பிடித்து அனுப்பச் சொல்லிப் பட்டறைக்கு கோர்ட்டிலிருந்து கடிதம் போனது. பணம் மறுபடி வந்தது. இன்றைக்கும் மாதம் பிறந்தால், பேங்க்கிலிருந்து செய்தி வரும்வரை ஒவ்வொரு போன் சத்தத்துக்கும் எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் ஸ்ட்ரிப்பை யாரும் மிச்சம் பிடிப்பதில்லை.

மல்லிகா வீட்டு விசேஷம்

ஓங்கோல் போய்வந்த விஷயம் ஆவுடையார்கோவிலுக்கு எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. என் மாமியார் மல்லிகாவிடம் பேச்சை நிறுத்தினார். பங்காளிகளும் நிறுத்தினார்கள். கூடப் பிறந்தவனைப் போலீஸில் காட்டிக்கொடுத்தவள் என்று பெயர் ஆகிவிட்டது. அவள் என்னிடம் ஒருமுறைகூட அதைச் சொல்லிக் குறைபட்டதில்லை. நானாகக் கேட்டால், "அது கெடக்கட்டும் அண்ணி, புள்ளைக்குச் சக்கர எப்படி இருக்கு?" என்பாள்.

போன வருஷம் அவள் மூத்த மகள் பெரியவளானாள். மீமிசலில் மண்டபம் பிடித்து விசேஷம். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் இல்லாமல் அந்தச் சடங்கு நடக்காது. மாமன் மேளதாளத்தோடு தட்டு வரிசை கொண்டுவர வேண்டும். பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பத்திரிகை கொடுக்க வந்தபோது மல்லிகா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சீர் நாங்கள் கொண்டுவருகிறோம் என்று நானும் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை. நாங்கள் கொண்டுபோய், சபையில் யாராவது தடுத்துவிட்டால் அவளுக்குத்தானே அவமானம். கடைசி வரை குழப்பத்தோடுதான் கிளம்பினேன். நான், அக்கா, மையத்தில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பேர், தர்ஷினி. தேங்காய், பழம், பூ, வளையல், பட்டுப் பாவாடை, தாவணி என்று தட்டுகளோடு வேனில் இறங்கினோம். கடல் காற்று தட்டின் மேல் போட்ட துணியைத் தூக்கியது. பட்டுப் பாவாடையும் குங்குமச் சிமிழும் இருந்த தட்டை தர்ஷினி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மண்டப வாசலில் பேச்சு அடங்கியது. ஒரு பெரியவர் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மாமன் வரலையா?"

நான் தட்டைக் கீழே வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

மல்லிகா உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக தர்ஷினி முன்னால் போய் நின்று, அவள் கையிலிருந்த தட்டில் குங்குமத்தைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தாள்.

"மாமன் வீட்டுச் சீரு வந்துருச்சு" என்றாள் அந்தப் பெரியவரிடம். "மேளத்த அடிக்கச் சொல்லுங்க."